நான்காம் பலகையின் குதிரை வாத்தியார்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சதுரங்கத்தின் நடு ஆட்டத்தில் குதிரைகளை எப்படி நடத்த வேண்டும் என்று மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டிவந்த பிரச்சினை, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, ஏழே வாரங்களில், முழுமையாகவும் இறுதியாகவும் தீர்த்துவைக்கப்பட்டது. தீர்த்துவைத்தவன் அடியேன். கேட்டுப் பயனடைந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

அந்த மாடிதான் எங்கள் சதுரங்கச் சங்கம். ஒரு நீள மேஜை, பன்னிரண்டு பலகைகள், ஆறு கடிகாரங்கள். கடிகாரங்களில் இரண்டு ஓடாது, ஒன்று மட்டும் ரொம்ப ஓடும். கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். சிப்பாய்கள் தாமாகவே அரைக் கட்டம் முன்னேறும். சில ஆட்டங்களில் எங்கள் ஆட்களின் யோசனையை விட அந்த நடுக்கம் நன்றாக ஆடியிருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு அணி உண்டு. அணியில் நாலு பேர். லீக் தொடங்குவதற்கு முன்னால், நாலு பேரின் பெயரையும் அச்சடித்துக் கதவில் ஒட்டுவார்கள். நாலாவது பெயர் என்னுடையது. பத்தொன்பது வருடமாக. சிரிக்க வேண்டாம். என் வீட்டுப் பத்திரத்தில் இருப்பது மனைவியின் பெயர். மின்கட்டண ரசீதில் இன்னும் என் அப்பாவின் பெயர். அலுவலகத்தில் என் அறைக் கதவில், எனக்கு முன்னால் இருந்து ஓய்வு பெற்றுப் போனவரின் பெயர். மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதிவிட்டேன், அந்தக் கடிதங்களும் அவர் பெயருக்கே திரும்பி வருகின்றன. ஆக, நான் கேட்காமலே என் பெயர் அச்சில் வரும் ஒரே இடம் அந்தக் கதவுதான்.

எங்கள் சங்கத்தில் ஒரு பழைய விதி உண்டு. அணியில் இருப்பவரின் நாற்காலியை எந்த உறுப்பினரும் கேட்கலாம். ஒரே ஆட்டம். கேட்டவர் ஜெயித்தால் நாற்காலி அவருக்கு. டிரா ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கே. பத்தொன்பது வருடத்தில் என் நாற்காலியை ஒருவரும் கேட்டதில்லை. என் ஆட்டத்தின் மீதுள்ள பயம் கலந்த மரியாதைதான் காரணம் என்று, அணித் தலைவரிடம் ஒருமுறை அடக்கத்தோடு குறிப்பிட்டேன். அவர் மருந்துக் கடை வைத்திருப்பவர். என் மனைவியின் அண்ணன்.

"மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல மாப்பிள," என்றார் மச்சான். "நாலாவது சீட்டு ஜன்னல் பக்கம். சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். அதான் எவனும் கேக்கல."

என் சொற்பொழிவுகளுக்கு வருகிறேன். எல்லோரும் ஆட்டத்தைத் திறக்கும் ஆரம்ப நகர்த்தல்களையே வரிசையாகப் படிக்கிறார்கள். பன்னிரண்டு நகர்த்தல் வரை மந்திரம் ஓதுவதுபோல ஒப்பித்துவிட்டு, பதிமூன்றாவதில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழிக்கிறார்கள். நடு ஆட்டம் என்ற அந்த நடுக்காட்டில் கைகொடுப்பது குதிரை. மந்திரி தூரத்துச் சொந்தம் போல. எட்ட இருந்தே வேலையைக் காட்டும். குதிரை பக்கத்து வீட்டுக்காரர் போல. கிட்ட வந்தால்தான் வம்பு. பலகை ஓரத்தில் நிற்கும் குதிரை ஒப்புக்குச் சப்பாணி. சிப்பாய்கள் முட்டிக்கொண்டு வழி அடைத்து நிற்கும்போது மந்திரி மூச்சுத் திணறும், குதிரை தாண்டிக் குதிக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் ஒருமணி நேரம் எடுத்துக்கொண்டு சொன்னேன்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு, "சிம்மாசனக் கட்டம்". அதாவது எதிரியின் எந்தச் சிப்பாயும் வந்து துரத்த முடியாத, நம் சிப்பாய் ஒன்று கீழிருந்து தாங்கிப் பிடிக்கிற, பலகை நடுவிலுள்ள ஒரு கட்டம். அங்கே குதிரையைக் கொண்டுபோய் உட்கார்த்த வேண்டும். (இதை எனக்கு முன்னால் உலகம் பூராவும் கண்டுபிடித்திருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. பெயர் வைத்தது நான்தான்.) இதற்கு நான் இயற்றிய கட்டளையைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினேன்: "உட்கார்ந்த குதிரையை எழுப்பாதே."

இந்த இடத்தில்தான் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்து ஒரு கை எழுந்தது.

லிப்ட் மெக்கானிக். சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம். என்னை விட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். கிரீஸ் ஏறிய விரல்களால் காயைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். அதிகம் பேசமாட்டார், பேசினால் யாருக்காவது செலவு வைப்பார்.

"சார், ஒரு சந்தேகம். அங்க போயி உக்காந்தப்புறம் அது என்ன செய்யும்?"

"ஆதிக்கம் செலுத்தும்."

"யார் மேல சார்?"

"பொதுவா."

முன்வரிசையில் யாரோ தும்மினார்கள். அது தும்மல்தான் என்று அன்றைக்கு நம்பினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். தினமும் நாற்பது பேரின் உள்ளே பார்த்துவிட்டு வருவதால், வெளியே யார் எவ்வளவு விறைப்பாக நின்றாலும் அசரமாட்டாள்.

"ஒரு லிப்ட் ரிப்பேர் பண்றவன் என்னப் பாத்து, குதிரை உக்காந்து என்ன செய்யும்னு கேக்கறான்."

"நியாயமான கேள்விதானே?"

"நல்ல இடத்துல உக்கார்றதே ஒரு செயல்தான். அதெல்லாம் உனக்குப் புரியாது."

"ஏன் புரியாது? இருபத்தஞ்சு வருசமா பாத்துட்டுத்தானே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பெருக்குவதற்காகக் காலைத் தூக்கச் சொன்னாள்.

ஏழாவது சொற்பொழிவு முடிந்த கையோடு மெக்கானிக் அணித் தலைவரிடம் போய், நாலாவது நாற்காலியைக் கேட்டார். கேட்ட விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்பேனர் இரவல் கேட்பது போலக் கேட்டார்.

"சார்கிட்டயே கத்துக்கிட்டு சார்கிட்டயே கேக்கறது ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றார் என்னிடம். "ஆனா லீக் ஆடணும்னு ஆசை சார். சின்ன வயசுலேர்ந்து."

"தாராளமா கேளுங்க," என்றேன், தாராளமே இல்லாமல். அன்று இரவு கதவில் என் பெயர் இல்லாத தாளைக் கற்பனை செய்து பார்த்தேன். பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மனைவி, எல்லாம் பஜ்ஜி செய்யும் வேலை என்றாள்.

ஆட்டம் அடுத்த ஞாயிறு. ஆளுக்கு ஒரு மணி நேரம். எனக்கு வெள்ளை. மெக்கானிக்குக்கு அன்றைக்கு டியூட்டி என்பதால் கைப்பேசியை மேஜை மேல் வைத்துக்கொள்ள மச்சான் அனுமதி கொடுத்தார். எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். "புலிக்கு மணியோசை ஒரு பொருட்டா?" என்றேன். இப்படியெல்லாம் அன்று பேசினேன்; மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

தொடக்கத்திலிருந்தே எனக்கு ஒரே குறி. பலகையின் நடுவில், எதிராளியின் பக்கத்தில், டி-5 என்கிற கட்டம். அவருடைய சிப்பாய்கள் முன்னேறிப் போனதில் அந்தக் கட்டம் காவலில்லாத தோட்டமாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய குதிரைகளை வெட்டினேன். வெள்ளைக் கட்ட மந்திரியையும் வெட்டினேன். பதிலுக்கு என் மந்திரிகள் இரண்டும் ஒரு யானையும் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த இடத்தை எட்டிப் பார்க்கக்கூட அவரிடம் உருப்படியான காய் இல்லை. இருந்த ஒரே மந்திரி கருப்புக் கட்டத்தில் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே புழுங்கிக்கொண்டிருந்தது. பதினேழாவது நகர்த்தலில் என் குதிரை டி-5இல் போய் அமர்ந்தது. மாமியார் வீட்டுக் கூடத்தில் புது மாப்பிள்ளை அமர்வதுபோல அமர்ந்தது.

எழுந்து நின்று ஒருமுறை பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் போய் அங்கிருந்து பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது.

"மாப்பிள, உங்க கடிகாரம் ஓடுது," என்றார் மச்சான்.

மெக்கானிக் குதிரையை ஒன்றும் செய்யவில்லை. ராஜா பக்கம் இரண்டு சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். குதிரையை எதிர்க்கத் துப்பில்லாமல் ஓரமாக ஒதுங்குகிறார் என்று குறித்துக்கொண்டேன். அந்த ஓரத்தில்தான் என் ராஜா இருந்தார் என்பது சின்ன விஷயமாகப் பட்டது.

இருபத்து நாலாவது நகர்த்தலில் கைப்பேசி துடித்தது. மேஜையில் அது கிடுகிடுவென்று நகர்ந்து ஒரு சிப்பாயை முட்டியது. மெக்கானிக் எடுத்துக் குசுகுசுத்தார். "எந்த மாடி?... உள்ள ஆள் இருக்கா?... ஃபிரிட்ஜ் மட்டுமா? நிமித்தி வெச்சிருக்கா, படுத்திருக்கா?... சரி, கையால எதையும் இழுக்காதீங்க. வந்துடறேன்." வைத்துவிட்டு, ஒரு காதில் இன்னும் ஃபிரிட்ஜ் இருக்கிற முகத்தோடு, தன் ராணியை எடுத்து என் குதிரைக்கு ஒரு பக்கமாக, மூலைவிட்டத்தில் ஒட்டினாற்போல வைத்தார்.

வைத்த கை பாதி வழியில் நின்றது. பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைப்பதற்குப் பதிலாக நெற்றியைத் துடைத்தார்.

"சார்... டிரா வெச்சுக்கலாமா?"

டிரா என்றால் நாற்காலி எனக்கு. தாளில் என் பெயர் அப்படியே இருக்கும். நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: கையை நீட்ட வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகூடக் கையை நீட்டும்.

நான் எழுந்தேன். சுற்றிலும் பார்த்தேன். பதினொரு பேரில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

"நண்பரே," என்றேன். அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் நண்பரே என்று அழைத்ததில்லை. "உங்க அவசரம் புரியுது. உங்க பயமும் புரியுது. ஆனா இப்படி ஒரு குதிரைய வெச்சுக்கிட்டு டிராவுக்கு ஒத்துக்கிட்டா, அது இந்த ஆட்டத்துக்கே நான் செய்யற துரோகம்."

"மாப்பிள," மச்சான் மெதுவாக என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டிராவே போதும். உக்காருங்க."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு மச்சான்."

"அத வீட்டுக்குப் போயி வெச்சுக்கலாம். இப்பக் கைய நீட்டுங்க."

"முடியாது."

உட்கார்ந்தேன். நாலு நிமிடம் யோசித்தேன். மெக்கானிக் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. என் குதிரையை ஏற்கெனவே இரண்டு சிப்பாய்கள் தாங்கிக்கொண்டிருந்தன; போதாது என்று தோன்றியது. பக்கத்திலேயே வந்து நிற்கிறாளே அந்த ராணி! இரண்டாவது குதிரையையும் கொண்டுவந்து முதல் குதிரைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தேன். ஒரு பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுக்கும் இரண்டு குதிரைகள் இரண்டுமே வேலைக்காகாது என்று மூன்றாவது சொற்பொழிவில் சொன்னவன் நான்தான். ஆனால் அது மற்றவர்களுக்குச் சொன்னது.

மெக்கானிக் நீளமாக ஒரு மூச்சை விட்டார். மேஜையில் கிடந்த தாள் பறந்தது. நம்பிக்கை இழந்தவனின் பெருமூச்சு என்று அதை மனதுக்குள் பதிவு செய்தேன். நான் கடிகாரத்தை அழுத்திய சத்தம் அடங்குவதற்குள், அவர் ராணியை அங்கிருந்து எடுத்து எட்டாம் வரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த பத்து நகர்த்தல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கு ரத்த அழுத்தம். அவர் ஒவ்வொரு காயாக என் ராஜா பக்கம் கொண்டுவந்தார். ராணி வந்தாள். யானை வந்தது. சிப்பாய்கள் வந்து வாசல் கதவைத் தட்டின. நான் ஒவ்வொரு நகர்த்தலிலும் டி-5 குதிரையின் மாட்சிமைக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டேன். நடுவில் ஒருமுறை குதிரை திரும்பி வந்தால் ராஜாவுக்கு உதவியாக இருக்குமே என்று தோன்றத்தான் செய்தது. கரும்பலகையைப் பார்த்தேன். என் கட்டளை இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

முப்பத்தைந்தாவது நகர்த்தலில் என் ராஜா மூலையில் செத்தார். டி-5இல் குதிரை அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, துரத்தவில்லை, முறைத்துக்கூடப் பார்க்கவில்லை. எழவு வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்று மெக்கானிக் கைகொடுத்தார். "அங்க ரெண்டு மாடிக்கு நடுவுல ஃபிரிட்ஜ் நிக்குது." கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கினார்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். புதுத் தாள் அச்சடிக்கக்கூட இல்லை. கதவில் இருந்த தாளிலேயே என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே மெக்கானிக்கின் பெயரை எழுதினார். மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்தே வந்த கையெழுத்து, ஒன்றும் புரியவில்லை. அடித்த என் பெயர் மட்டும் நன்றாகப் புரிந்தது.

வேறொருவனாக இருந்தால் இத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் எட்டாவது சொற்பொழிவை அறிவித்தேன்.

"தோத்த ஆட்டத்தப் பத்தியா பேசப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆட்டம் தோத்தது வேற. கொள்கை தோக்கல. டிராவை மறுத்தது சரின்னு நிரூபிக்கப் போறேன்."

"யாராவது தப்புன்னு சொன்னாங்களா?"

"உங்க அண்ணன் சொன்னாரு."

"அவரு ரெண்டு நாளா உங்களப் பத்திப் பேசவே இல்ல. நான்தான் பேச்செடுத்தேன், மாத்திரைய எடுத்துக் குடுத்துட்டு உள்ள போயிட்டாரு." பிறகு, கொஞ்சம் குரலைத் தணித்து, "ரொம்ப வலிக்குதா?" என்றாள். வேலை இடத்தில் கையை ஒடித்துக்கொண்டு வருபவர்களிடம் கேட்கும் அதே குரல்.

"எனக்கென்ன வலி," என்றேன். வலித்தது.

அந்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். பதினொன்றுக்குப் பதினாறு. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டு மேலே வந்தார். சுவரில் மாட்டியிருந்த காந்தப் பலகையில் அந்த இருபத்து நாலாவது நகர்த்தலை அடுக்கினேன். கையில் குச்சி.

"இதுதான் அந்தக் கணம். கருப்பு இப்பத்தான் ராணிய இங்க வெச்சிருக்கு. வெச்ச உடனே டிரா கேக்குது. ஏன் கேக்குது? ஒரு கேள்வியாவே கேக்கறேன். ஏன்?"

மெக்கானிக் கடைசி வரிசையில் இருந்தார். பெருந்தன்மை என்பது வாய்ப்புக் கிடைக்கும்போது காட்டப்பட வேண்டியது.

"நீங்களே சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. பயந்துதானே கேட்டீங்க?"

"ஆமா சார். பயந்துதான்."

"எதப் பாத்து?"

"குதிரையப் பாத்து சார்."

நான் அவையைப் பார்த்தேன். குச்சியை இரண்டாக முறிக்காததுதான் குறை. "கேட்டுக்குங்க! எதிராளி வாயாலயே வருது. இந்தக் குதிரையோட இருப்பே, ஒரு கட்டம்கூட நகராம, ஒரு மனுசன டிரா கேக்க வெச்சிருக்கு. இதுக்குப் பேருதான் ஆதிக்கம்."

"இல்ல சார்," என்றார் மெக்கானிக் எழுந்து. அவருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "அது நகந்துடுமோன்னுதான் பயந்தேன்."

"எங்க நகரும்?"

முன்னால் வந்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். டி-5 குதிரையைக் காந்தத்தோடு பிடுங்கி, இரண்டு கட்டம் மேலே, ஒரு கட்டம் பக்கத்தில், டக்கென்று ஒட்டினார். அங்கிருந்து அது ஒரு பக்கம் ராஜாவுக்கு செக். இன்னொரு பக்கம் ராணிக்கு வெட்டு. அந்தக் கட்டத்துக்குக் காவலும் இல்லை. ராஜா நகர்ந்தே ஆகவேண்டும். நகர்ந்தால் ராணி போய்விடும்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஆட்டமே தெரியாது. அவர்கூட "அட!" என்றார்.

"போன் பேசிட்டே வெச்சுட்டேன் சார். கைய எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது. எப்படியும் போச்சு, டிராவாவது கேப்போம்னு கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சேர்த்தார்: "நாலு நிமிசம் யோசிச்சீங்களே சார், எனக்கு உசுரே இல்ல."

நான் குச்சியின் நுனியைப் பார்த்தேன். ஏழு வாரம் குதிரையைப் பற்றிப் பேசியவன். எல் வடிவத்தில் தாவும் என்று முதல் வாரமே படம் போட்டுக் காட்டியவன். ஒரு ராணியை, ஒரு ஆட்டத்தை, கதவில் ஒரு பெயரை ஒரே தாவலில் எடுத்திருக்கலாம். நான் அதற்குப் பின்னால் இன்னொரு குதிரையை நிறுத்திக் காவல் காத்தேன்.

"ஆக," என்றேன். பேச்சாளன் "ஆக" என்றால் அவனிடம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். "ஆக, இதிலிருந்து நாம் அறிவது..."

"மாப்பிள," என்றார் மச்சான், "அறிஞ்சாச்சு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். மெக்கானிக் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, மின்விசிறிக் காற்றில் எனக்கும் இடம் கொடுத்தார். சுவரில் இருந்த குதிரையை யாரோ மறுபடி மறுபடி டி-5க்குக் கொண்டுபோய், மறுபடி மறுபடி தாவவைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ராணி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

லீக் அடுத்த மாதம் நடந்தது. நாலாவது நாற்காலியில் மெக்கானிக் ஏழு சுற்றுகளும் ஆடினார். எங்கள் அணி எட்டாவது இடம் பிடித்தது. கலந்துகொண்டவை எட்டு அணிகள்.